கொட்டியாரக்குடாவைக் கடந்து ஓர் அபிப்பிராயம்

திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழ்ந்து எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் கப்பற்காரர்களும் சேனாதிபதிகளுமே. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட அந்த ஆழ்ந்த உட்கடலுக்கு, எக்காற்று வீசினும் மரக்கலத்தைக் காக்கும் இயல்பு உண்டென்பது மெய். ஆனால் நிலத்தை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து ஊருக்கும் ஊருக்கும் இடையே நீரைப் பரப்பிவைத்த அதே அமைப்பு, கரையோரக் கிராமங்களில் நோயுற்றுக் கிடந்தவர்களுக்கு நெடுங்காலம் பெரும் இடையூறாகவே இருந்துவந்திருக்கிறது. 1660ஆம் ஆண்டிலே றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு வந்து கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டுக்கொண்ட கொட்டியாரக்குடாவின் தென்புறத்தில் மூதூர் இருக்கிறது, எதிரே பட்டினம், நடுவே கடல். கரைவழியாகப் போவதென்றால் மகாவலி கங்கையின் கிளைகளையும் களப்புகளையும் ஓடத்துறை ஓடத்துறையாகக் கடந்து, கிண்ணியாத் துறையில் மறுபடியும் காத்துநின்று போகவேண்டும். ஒரு வைத்தியரின் வார்த்தையைக் கேட்பதற்கே இத்தனை நீரைக் கடக்கவேண்டியிருந்த பிரதேசத்தில், இரண்டாவது வைத்தியரின் வார்த்தையைக் கேட்பதென்பது எக்காலத்தில், யாருக்கு, எவ்வண்ணம் சாத்தியமாயிற்று என்பதே நான் ஆராயப் புகுந்த விஷயம். அதிலும், ஸ்திரீகள் தம் சரீரத்தைக் குறித்துச் செய்யநேரும் தீர்மானங்களுள் மிகக் கனமானதாகிய, கர்ப்பப்பையை எடுத்துவிடும் சத்திரசிகிச்சையைப் பொறுத்து.

மறு அபிப்பிராயம் கேட்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த நாகரிகம் என்று எண்ணுவோர் உண்டு. பழைய வீடுகளின் நடைமுறையை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். நம் வைத்திய நூல்கள் பெரும்பாடு என்று கூறும் மிகுந்த உதிரப்போக்கினால் ஒரு பெண் மெலிந்து வெளிறிப்போனால், முதலில் பரியாரியார் வருவார்; நாடி பார்ப்பார்; குளிசையும் கஷாயமும் கொடுத்துப் பத்தியம் விதிப்பார். குணம் காணாவிடில் தம்பலகாமத்திலோ சம்பூரிலோ இன்னொரு பரியாரியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போவதை முந்தியவர் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வதில்லை. பல சமயங்களில் அவரே அப்படிப் போகச்சொல்லி அனுப்புவார். ஆனால் அக்காலத்து வைத்திய முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. நூலறிவுடைய பரியாரியார் ஆடவர். அவர் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்க்கலாமேயன்றி அதற்குமேல் பரிசோதிக்க மரியாதை இடங்கொடாது. கையால் தொட்டறிந்தவள் மருத்துவிச்சி. அவளுக்கோ ஏட்டறிவு இல்லை. ஆகவே ஒரே நோயைப் பற்றி, நூல் வழியே ஒருவரும் விரல் வழியே ஒருத்தியும் தனித்தனியே அபிப்பிராயம் சொல்ல, அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு வீட்டுப் பெரிய மனுஷிகளின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்ததென வழங்கிவரும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலில் கர்ப்ப ரோகங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. அதனை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதலாகப் பகுதி பகுதியாக அச்சேற்றி உபகரித்தார். அந்நூற் பரப்பில் ரோகத்தின் பெயர்களும் குணங்களும் மருந்துகளும் எவ்வளவு விரிந்திருந்தாலும், உறுப்பையே வெட்டி அகற்றிவிடும் உபாயம் ஒன்று உண்டென்ற எண்ணம் அவ்வைத்தியத்தின் எல்லைக்குள் வரவில்லை. பத்திரகாளி அம்மனுக்கும் கோணேசருக்கும் வைத்த நேர்த்தியும், கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் ஓதிக் குடித்த தண்ணீரும் மருந்தோடு கூடவே நடந்தன. இவற்றைப் பரிகசிப்பது இன்றைக்கு எளிது. மருந்து சொன்ன மனிதரை மாத்திரம் நம்பிவிடாத ஒரு விவேகம் இவற்றிலே கலந்திருந்ததை நான் மறுக்கமாட்டேன்.

இனி, உறுப்பை வெட்டி அகற்றும் அந்த உபாயம் தோன்றிய வரலாற்றைச் சற்றுப் பார்க்கவேண்டும். ஏனெனில் அது தொடங்கியதே பிழையான அபிப்பிராயங்களின் மேல்தான். ஜெர்மனியிலே கொன்றாட் லாங்கன்பெக் என்பவர் 1813இல் யோனி வழியாகக் கர்ப்பப்பையை அகற்றினார், நோயாளி பிழைத்தாள், ஆனால் அகற்றிய உறுப்பு கைதவறிப் போனதால், அவர் அச்சிகிச்சையைச் செய்தாரென்பதைச் சக வைத்தியர்கள் நம்ப மறுத்தார்கள். அப்பெண் மேலும் 26 வருஷங்கள் வாழ்ந்து இறந்தபின், உடலை அறுத்துப் பார்த்தே லாங்கன்பெக்கின் சொல் மெய்யென்று ஒப்புக்கொண்டார்கள். வயிற்றைக் கீறிச் செய்யும் முறையோ இன்னும் விபரீதமாகத் தொடங்கியது. 1843இல் மான்செஸ்டரில் சார்ள்ஸ் கிளே, சூலகத்தில் கட்டியென்று எண்ணி வயிற்றைத் திறந்தார், உள்ளே இருந்தது கர்ப்பப்பைக் கட்டி, எடுத்தார், நோயாளி உதிரம் வடிந்து மாண்டாள். பத்து வருஷங்களின் பின் அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாகாணத்து லோவெல் நகரில் வால்டர் பேர்ன்ஹாம் அதே தவறான நோய்நிதானத்தோடு கத்தியை எடுத்தார். மயக்கம் தெளிந்து நோயாளி வாந்தியெடுத்த வேகத்தில் கட்டியோடுகூடிய கர்ப்பப்பை காயத்தின் வழியே வெளியே வந்துவிட, உள்ளே தள்ள முடியாமல் அதை அகற்றினார். அவள் பிழைத்தாள். வயிற்றுவழிக் கர்ப்பப்பை அகற்றலில் உயிர் தப்பிய முதற் பெண்மணி அவள் என்று சரித்திரம் எழுதிக்கொண்டது. அவ்வெற்றியால் தைரியமடைந்த பேர்ன்ஹாம் பின்னர் செய்த பதினைந்தில் மூவர் மாத்திரமே பிழைத்தனர்.

அதே மாசச்சூசெற்ஸ் மாகாணத்திலிருந்துதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் பிறகு மானிப்பாயிலும் இருந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கும் அரிய காரியத்தைச் செய்தார். மோன்செல் எழுதிய பிரசவ நூலை 1857இல் பிரசவ வைத்தியம் என்ற பெயரிலும், துருவிற்றின் சத்திரவைத்திய நூலை 1867இல் இரண வைத்தியம் என்ற பெயரிலும் அச்சிட்டுத் தந்த அவர் 1873இல் இலங்கையை விட்டுப் புறப்பட்டபோது, கர்ப்பாசயத்தின் அமைப்பைத் தமிழிலே விளக்கக்கூடிய வைத்தியர்கள் இருந்தார்கள். இரண்டாம் அபிப்பிராயத்தின் வரலாற்றில் இதற்கு நான் பெரிய இடம் கொடுப்பேன். நோயாளிக்கு விளங்காத பாஷையில் சொல்லப்படும் அபிப்பிராயம் ஒன்றானாலென்ன, பத்தானாலென்ன. தெரிவு செய்வதற்கு அவளிடம் எதுவும் வந்துசேர்வதில்லை. கிறீன் போனபின் வைத்தியக் கல்வி கொழும்பிலே, 1870இல் தொடங்கிய கல்லூரியில், ஆங்கிலத்திலேயே நிலைகொண்டது. தமிழில் வைத்தியம் பேசும் வழக்கம் தேய்ந்தது. அந்த நஷ்டத்தின் சுவடு, பரிசோதனை அறையில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து தாதியிடம் அர்த்தம் கேட்கும் பெண்களிடம் இன்றும் தெரிகிறது.

திருகோணமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் வைத்திருந்த வைத்திய ஏற்பாடுகள் முதன்மையாகக் கடற்படைக்கும் கோட்டைக் காவலருக்கும் உரியவை; காய்ச்சலும் வாந்திபேதியும் மாலுமிகளைக் கொள்ளைகொண்டதால் அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது. பிறெடறிக் கோட்டைக்கு வெளியே இருந்த ஸ்திரீகளின் வியாதி கப்பற்படைக்குச் சம்பந்தமில்லாதது. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் எழுந்தது. கனடாவிலிருந்து 1896இல் வந்து தமிழரொருவரை மணந்த மேரி இரத்தினம் கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்ணைப் பெண்ணே பரிசோதிப்பாள் என்ற செய்தி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்யத்தக்க செய்தி என்பதை அக்காலத்து மனப்பான்மையை அறிந்தவர் உணர்வர். ஆனால் கிழக்குக் கரைக்கு அந்தத் தூரம் மெய்யாகவே தூரம். 1927இல் கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்தபிறகே, இரவு வண்டியேறி விடியற்காலை கொழும்பில் இறங்கி ஒரு பெரிய டொக்டரின் முகத்தைப் பார்த்துவரலாம் என்ற எண்ணம், பணமுள்ள சில குடும்பங்களுக்காவது, நினைக்கத்தக்க எண்ணமாயிற்று.

நினைக்கத்தக்கது என்றேனேயன்றி அவசியமானது என்று சொல்லவில்லை. அக்காலத்தில் கர்ப்பப்பையை எடுக்கும் சிகிச்சைக்குச் சம்மதிப்பவர்களும் சிலர், செய்யத் துணிபவர்களும் சிலர். மயக்கமருந்து வந்திருந்தது, சத்திரவைத்தியர் லிஸ்டரின் 1867ஆம் ஆண்டுக் கிருமிநீக்க உபதேசத்தால் புண் சீழ்ப்பிடிப்பதும் குறைந்திருந்தது, ஆயினும் உதிரம் இழந்தவருக்கு உதிரம் ஏற்றுவதோ, கிருமி பரவினால் அடக்குவதோ எளிதாக இருக்கவில்லை. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கை தவித்ததையும், 1940களின் முற்பாதியிற்கூட லட்சம் பிரசவத்துக்கு 1500க்கு மேற்பட்ட தாய்மார் மடிந்ததையும் எண்ணிப் பார்த்தால், அன்றைய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு எழுவதே பிரசவத்தில் உதிரம் நில்லாதபோதும் உயிர் ஊசலாடும்போதும்தான் என்பது விளங்கும். அந்த நிலையில் மறு அபிப்பிராயத்துக்கு அவகாசமும் இல்லை, அர்த்தமும் இல்லை. மற்றபடி வருஷக்கணக்கில் இழுபடும் உபத்திரவங்களுக்குக் கத்தியை எடுக்க வைத்தியர்களே அஞ்சினார்கள். சத்திரசிகிச்சையின் அபாயமே அக்காலத்தில் இரண்டாவது வைத்தியராக வாசலில் நின்று, அவசியமில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது.

அந்த வாசற்காவல் இரண்டாம் மகாயுத்தத்தோடு நீங்கியது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியபோது ஊர் கலைந்து ஓடியது. ஆனால் அதே யுத்தம் பெனிசிலினையும் உதிரமேற்றும் வித்தையையும் உலகெங்கும் பரப்பியது. 1946இல் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை அடக்கியது. 1950களின் முற்பாதிக்குள் தாய்மார் மரணம் லட்சத்துக்கு 555 ஆக இறங்கியது. 1957இல் ஆங்கிலக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, இலங்கையின் பெரிய நகரங்களில் கர்ப்பப்பையை எடுப்பது சத்திரவைத்தியரின் சாதாரண கடமைகளுள் ஒன்றாகியிருந்தது.

ஒரு சிகிச்சை சாதாரணமாகிவிடும்போது என்ன நேரும் என்பதை நம்மைவிட முன்னே கண்டவர்கள் அமெரிக்கரும் கனடியருமே. 1953இல் ஜேம்ஸ் டொயில் என்ற வைத்தியர், 35 ஆஸ்பத்திரிகளில் 1948ஆம் ஆண்டில் நடந்த 6,248 கர்ப்பப்பை அகற்றல்களை ஆராய்ந்து, அவசியமற்றவை பல என்ற குற்றச்சாட்டை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலேயே வெளியிட்டார். சக வைத்தியர்களுக்கு அது உவப்பாக இருந்திருக்க முடியாது. 1972இல் நியூயோர்க்கில் கோர்னல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இயூஜீன் மக்கார்த்தி, சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டாவது நிபுணரைக் காணும் ஏற்பாட்டைத் தொழிற்சங்க நிதியங்களைக் கொண்டு முறைப்படுத்தினார். ஆனால் எனக்கு மிகவும் போதனை தருவது கனடாவின் சஸ்கட்சுவன் மாகாணத்து அனுபவமே. அங்கே 1964க்கும் 1971க்கும் இடையில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொகை நூற்றுக்கு எட்டுக்கூடக் கூடாதிருக்க, கர்ப்பப்பை அகற்றல் மாத்திரம் நூற்றுக்கு 72 கூடிவிட்டது. மாகாண அரசு கேட்க, வைத்தியர்களின் சங்கமே ஒரு குழுவை நியமித்தது. குழு செய்தது இவ்வளவே: எந்தெந்த நிலைமையில் எடுப்பது நியாயம் என்று ஒரு பட்டியல் எழுதிற்று, ஆஸ்பத்திரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. எவருக்கும் தண்டனையில்லை, எவரையும் சந்தியில் நிறுத்தவில்லை. பார்க்கிறார்கள் என்பது தெரிந்த மாத்திரத்தில், 1970க்கும் 1974க்கும் இடையில் அகற்றல்களின் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. பரிசீலித்த ஆஸ்பத்திரிகளில் நியாயமற்றவை என்று கணித்தவை நூற்றுக்கு 23.7இலிருந்து 7.8க்கு இறங்கின. வைத்தியர்கள் கெட்டவர்களாயிருந்து நல்லவர்களாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பேதைமை. மற்றொருவர் பார்ப்பார் என்ற நினைவு வரும்போது, முன்பு பழக்கத்தால் செய்ததைக் காரணத்தோடு செய்யவேண்டியதாயிற்று.

பழக்கத்தின் வலிமையை உணர்த்த இன்னொரு சம்பவமும் சொல்லலாம். லண்டனிலே விக்டர் பொன்னி என்ற பேர்பெற்ற பெண்நோய் வைத்தியர், கட்டியை மாத்திரம் தோண்டியெடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் முறையை வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். மணமான சிறிது காலத்திலேயே அவருடைய மனைவிக்குக் கட்டி காரணமாகக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது என்பர். தம் வீட்டில் நேர்ந்த பிறகே ஒரு வைத்தியருக்கு மாற்றுவழி தோன்றும் என்பது வைத்தியத் தொழிலுக்குப் பெருமை தருவதன்று.

சம்மதம் என்ற பிரச்சினையும் இதனோடு பிணைந்ததே. 1896இல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு தாதி, கல்லிங்வர்த் என்ற வைத்தியர்மேல் வழக்காடினாள். விவாகம் நிச்சயிக்கப்பட்டவள் அவள். சூலகங்கள் இரண்டும் நோயுற்றிருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று கத்திக்கு முன்னே சொல்லியிருந்தும், இரண்டும் அகற்றப்பட்டிருந்தன. அவள் மௌனமாகச் சம்மதித்தாள் என்று யூரிமார் வைத்தியரின் பக்கமே தீர்த்தார்கள். பின், நியூயோர்க்கில் பரிசோதனைக்கு மாத்திரம் சம்மதித்த ஒருத்தியின் கர்ப்பப்பைக் கட்டி அகற்றப்பட்டதைப் பற்றிய வழக்கில், 1914இல் நீதியரசர் கர்டோசோ, தன் சரீரத்துக்கு என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தந்த மனிதரின் உரிமை என்ற தத்துவத்தை நிலைநாட்டினார்; அத்தத்துவத்தால் உலகம் பயன்பெற்றது, வழக்காடியவள் வழக்கில் தோற்றாள். நமக்கு அண்மையில், 2008இல், டில்லியில் ஒரு பெண்ணுக்கு மயக்கத்தில் கிடக்கையிலேயே தாயாரின் சம்மதத்தை மாத்திரம் பெற்றுக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்தது தவறென்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் சம்மதம் மகளின் சம்மதமாகாது என்ற அந்த வாக்கு, தீர்மானமெல்லாம் வீட்டுப் பெரியவர்களுடையது என்று வாழ்ந்துவரும் நம் குடும்பங்களில் இன்னும் உரக்கப் படிக்கப்படவேண்டியது.

இந்தியாவில் நடந்தவை இதைவிடப் பயங்கரமானவை. ஏழைகளுக்கான காப்புறுதிப் பணத்தை நோக்கி, சத்தீஸ்கரிலும் பீகாரிலும் ராஜஸ்தானிலும் இளம்பெண்களின் கர்ப்பப்பைகள் அவசியமின்றி அகற்றப்பட்டதாக எழுந்த வழக்கில், 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் ஆயிரக்கணக்கானோர், மாதத் தூரத்தால் கூலி கெடுமென்று அஞ்சியும் அச்சுறுத்தப்பட்டும் கர்ப்பப்பையை இழந்திருந்த செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. நம் தீவிலே அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. 1971இல் விதித்த இருபத்தைந்து சதமும் 1977இல் நீக்கப்பட்டது. ஆகவே அறுத்தால் காசு என்ற தூண்டுதல் அரசாங்க வாட்டில் இல்லை என்பது நம் பாக்கியமே. ஆனால் இலவசம் வேறொரு சங்கோசத்தைக் கொண்டுவருகிறது. கூலி வாங்காமல் பார்க்கும் பெரிய டொக்டரிடம், இன்னொருவரையும் கேட்டுவரட்டுமா என்று வாய்திறப்பது நன்றிகெட்ட செயல் என்று நம் பெண்கள் கருதுகிறார்கள். பரியாரியாரிடம் கேட்கத் தயங்காத பாட்டியின் பேத்திக்கு நிபுணரிடம் கேட்க நா எழுவதில்லை. இது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

1977இலேயே அரசாங்க வைத்தியர்கள் மாலையில் தனியார் தொழில் செய்ய அனுமதிக்கப்பட்டனர். அன்றிலிருந்து, கொழும்பைப் போன்ற நகரத்தில், காசு கட்டிச் சனல் பண்ணினால் எந்த நிபுணரையும் காணலாம். சிறிய பட்டினங்களிலோ காலையில் கிளினிக்கில் பார்த்தவரே மாலையில் தனியார் ஆஸ்பத்திரியிலும் இருப்பார். காசு கொடுத்து இரண்டாம் தடவை கேட்டாலும் கிடைப்பது முதலாவது அபிப்பிராயமே. இதற்குமேல் உள்நாட்டு யுத்தம். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் கிழக்கில் நிபுணர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சோதனைச்சாவடிகளும் ஊரடங்கும் பிரயாணத்தை முடக்கின. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் கிண்ணியா ஆஸ்பத்திரியை அழித்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் பல்லாயிரவர் எறிகணைக்கு அஞ்சிக் கந்தளாய்க்கு ஓடினார்கள். பெரும்பாட்டால் சோர்ந்த ஒரு பெண் அக்காலத்தில் லோஞ்சில் கடல் கடந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தால், எடுப்பதா வேண்டாமா என்பதைவிட, மறுபடி வரமுடியுமா என்ற கேள்வியே அவளுக்கும் வைத்தியருக்கும் முன்னே நின்றிருக்கும். மறுபடி வரமுடியாதவளுக்கு ஒரேயடியாகத் தீர்த்துவிடும் சிகிச்சையைச் சொல்வதில் நியாயம் உண்டு. மாதாமாதம் காத்திருந்து பார்க்கும் வைத்தியம் சமாதானத்தின் சௌகரியம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டொரு வருஷங்களில் மட்டக்களப்பு வீதியின் மற்ற ஓடத்துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. காத்திருந்து பார்க்கும் அந்தச் சௌகரியம் இப்போது இருக்கிறது. கேட்பதற்கு வேண்டிய விஷயங்களும் முன்னிலும் மிகுந்திருக்கின்றன. கர்ப்பப்பையில் உண்டாகும் நார்க்கட்டி பெரும்பாலும் புற்றுநோயாவதில்லை. மாதவிடாய் நின்றபின் தானே சுருங்குவதும் உண்டு. உதிரத்தைக் குறைக்கும் மாத்திரையும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனமும் பலருக்குச் சத்திரசிகிச்சையின் தேவையையே நீக்குகின்றன. பின்னதன் விலை மூதூர்க் கூலிப் பெண்ணுக்கு எட்டாதிருக்கலாம் என்பது வேறு விஷயம். பை இறங்கிவிட்டது என்று பெண்கள் மறைவாகச் சொல்லும் உபாதைக்கு, உள்ளே பொருத்தும் வளையம் பலருக்குப் போதும். சூலகங்களையும் சேர்த்து எடுப்பதா, எலும்பும் இருதயமும் பின்னால் என்னாகும் என்பன தனியே கேட்கவேண்டிய கேள்விகள். மறுபுறத்தில், புற்றுநோய் என்று திசுப் பரிசோதனை காட்டியபின், ஊர் ஊராக வைத்தியர் தேடி மாதங்களைக் கழிப்பவள் தன் ஆயுளையே கழிக்கிறாள். அங்கே இரண்டாம் அபிப்பிராயம் வேண்டுமானால் அது நாட்கணக்கில் முடிந்துவிடவேண்டும். 1996இல் நாட்டில் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் கர்ப்பப்பை வாயைச் சோதித்து காத்திருக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதை முன்கூட்டியே அறிய உதவுகின்றன. ஆனால் அங்கே போவதற்கும் வெட்கப்படுகிறவர்கள் நம் பிரதேசத்தில் குறைவல்லர். பரிகாரம் இருப்பதை அறியாமல் பத்து வருஷம் வளையமுமில்லாமல் சத்திரமுமில்லாமல் இறங்கிய பையைத் தாங்கிக்கொண்டு வயலில் குனிந்து நிற்பவளுக்கு, முதலாவது அபிப்பிராயமே இன்னும் கிடைக்கவில்லை.

மறு அபிப்பிராயத்தைச் சந்தேகத்தோடு குழப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2019 மே மாதத்தில், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் பின் நாடு கொதித்துக்கொண்டிருந்தபோது, குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் பெண்களை ரகசியமாக மலடாக்கினார் என்ற கதையைப் பத்திரிகையொன்று பரப்பியது; நூற்றுக்கணக்கான பெண்கள் முறையிட வந்தார்கள்; விசாரணைகளில் குற்றம் நிலைக்கவில்லை. மூன்று சமூகங்களும் ஒரே வாட்டில் படுக்கும் திருகோணமலையில் இத்தகைய வதந்தி எவ்வளவு விஷமானது என்பதை விளக்கத் தேவையில்லை. வைத்தியரின் இனத்தைப் பார்த்து எழும் பயத்தை இன்னொரு இனத்து வைத்தியரிடம் போய்த் தீர்த்துக்கொள்வது வைத்திய விஷயமாகாது. கேட்கவேண்டியது நோயைப் பற்றி: என்ன வியாதி, எதனால் அப்படிச் சொல்கிறீர்கள், எடுக்காவிட்டால் என்ன நேரும், எடுக்காமல் வேறு வழியென்ன. முதல் வைத்தியரிடமே இவற்றைக் கேட்டு விடைபெற்றவளுக்குப் பலவேளை இரண்டாவது வைத்தியர் தேவைப்படாமலும் போகலாம்.

இன்று மூதூரிலிருந்தோ தோப்பூரிலிருந்தோ பஸ்ஸேறி வரும் பெண்களில் சிலர், கிளினிக் கொப்பியையும் ஸ்கான் கடதாசியையும் சொப்பிங் பையிலே மடித்துவைத்துக்கொண்டு, பட்டினத்தில் இறங்காமலே கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு இது அவமானம் என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். வீண் செலவு என்று மருமக்களைக் கடிந்துகொள்ளும் மாமிமாரும் உண்டு. முதல் வைத்தியரோடு ஒரே விடுதியில் சாப்பிடாத, அவருக்குக் கீழே பயிலாத, அவருடைய கையெழுத்தைக் கண்டதும் மரியாதைக்காகத் தலையசைக்கவேண்டிய கட்டாயமில்லாத ஒருவரைத் தேடித்தான் அவர்கள் அவ்வளவு தூரம் போகிறார்கள். அப்படிப் போய்வந்தவர்களில் அநேகருக்கு, எடுப்பதே சரி என்ற அதே பதில்தான் கிடைக்கிறது. திரும்பிவந்து பெரியாஸ்பத்திரியிலேயே, முதலில் சொன்ன டொக்டரிடமே, தேதி கேட்டு வரிசையில் உட்காருகிறார்கள். பஸ்காசு வீணாயிற்று என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.